கணக்கு மென்பொருளோடு ஆவண மென்பொருளை இணைத்தவர்கள் இருக்கிறீர்களா? (பிறை, ஃபார்வர்டிங் ஆபீஸ்)

பிறை கணக்கு
திங்கள், இரவு 9.12

வணக்கம். மலேசியாவில், பினாங்கின் பிறையில், சரக்கை அனுப்பி எடுத்துத் தரும் ஒரு சின்ன ஃபார்வர்டிங் கம்பெனியில் கணக்குப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 19 பேர். மாதத்துக்கு ஏறக்குறைய 300 ஜாப் (சரக்கு வேலை) ஓடுகிறது. பெரும்பாலும் பட்டர்வொர்த்தில் இறங்கும் கண்டெய்னர், கொஞ்சம் பாயான் லெப்பாஸ் விமானச் சரக்கு.

எங்கள் நிலைமை இதுதான். கணக்கு முழுவதும் ஆட்டோகவுண்ட் என்ற நிரலில் இருக்கிறது. ஜாப் பதிவு மட்டும், பத்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதிக்கொடுத்த நிரலில் ஓடுகிறது. அவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார், நிரல் இன்றுவரை தொல்லை கொடுத்ததில்லை. தாள்கள் ஸ்கேன் ஆகி நாஸில் (ஆபீஸ் நெட்வொர்க்கில் உள்ள பொதுச் சேமிப்புப் பெட்டி) போய் உட்காரும், வாடிக்கையாளர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அவரவர் இஷ்டத்துக்கு. லோரி டிரைவர்கள் அனுப்பும் டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) படங்கள் வாட்ஸாப்பிலேயே கிடக்கின்றன.

போன மாதம், 2022இல் வந்த ஒரு இறக்குமதிக்கு முழு ஆவணமும் எடுத்து வரச் சொல்லிச் சுங்கத்துறையிலிருந்து கேட்டார்கள். கே1 பாரம் (இறக்குமதி அறிவிப்பு) உடனே கிடைத்தது, பேக்கிங் லிஸ்டும் கிடைத்தது. கண்டெய்னரை லோரியில் இழுத்து வந்ததற்கான ஹாலேஜ் பில்லுக்குத்தான் மூன்று பேர் ஒன்றரை நாள் தேடினோம். கடைசியில் வேறொரு வாடிக்கையாளரின் ஃபோல்டரில், 'மற்றவை' என்பதற்குள், 'ஸ்கேன்0047' என்ற பெயரில் இருந்தது. தாளின் மேல்மூலையில் சிவப்புப் பேனாவில் ஜாப் எண் பளிச்சென்று எழுதியிருக்கிறது, ஆனால் கணினிக்கு அது எப்படித் தெரியும்? அன்றைக்கே முதலாளி ஆவண மென்பொருள் வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு விற்பனையாளர்கள் வந்து காட்டினார்கள். ஒருவருடையது கிளவுட், உங்கள் கணக்கு நிரலுக்குத் தயாராகவே கனெக்டர் (இணைப்பு நிரல்) இருக்கிறது என்கிறார். இன்னொருவர் ஆபீஸிலேயே சர்வர் வைத்து, கணக்கு டேட்டாபேஸுக்குள் நேரடியாக எழுதிவிடுவோம், கிராணி (கிளார்க்) ஒரு தடவை டைப் செய்தால் போதும் என்கிறார். கேட்க இரண்டுமே நன்றாக இருக்கிறது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஜாப் எண்ணைத் தட்டினால் அந்த ஜாபின் எல்லாத் தாளும் வரவேண்டும். கணக்கில் ஒரு பில்லைத் திறந்தால் அங்கிருந்தபடியே அதன் படத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் ஒரே எண்ணை மூன்று இடத்தில் டைப் செய்துகொண்டிருக்கக் கூடாது. 2025 ஜூலையிலிருந்து எங்களுக்கு வரி வாரியத்துக்கு மின்வழியே அனுப்பும் இ-இன்வாய்ஸ் வேறு கட்டாயமாகிவிட்டது, அந்தக் கோப்புகளை எங்கே வைப்பது என்பதும் குழப்பமாக இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விற்பனையாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

பாயான் லெப்பாஸ் சர்வர்
திங்கள், இரவு 10.40

தங்கச்சி, இரண்டாவது ஆள் சொன்னதற்குத் தயவுசெய்து சரி என்று சொல்லிவிடாதீர்கள். கணக்கு நிரலின் டேட்டாபேஸுக்குள் வெளியார் நிரல் நேரடியாக எழுதக் கூடாது. ஒரு பில்லைப் பதிவு செய்யும்போது திரையில் நாம் பார்ப்பது ஒரு வரிதான், உள்ளே கடன் கணக்கு, பொதுப் பேரேடு, வரி, அடுத்த பில் எண் என்று பல அட்டவணைகள் சேர்ந்து மாறும். அதில் ஒன்றை மட்டும் எழுதி இன்னொன்றை விட்டுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் தொகை இடிக்கும். நான் ஒரு தொழிற்சாலையில் இருந்தபோது இப்படி ஒரு இணைப்பை வெளியாள் ஒருவர் செய்து கொடுத்தார், நான்கு மாதம் அழகாக ஓடியது. கணக்கு நிரல் அப்டேட் ஆன அன்று அட்டவணையின் அமைப்பு மாறிவிட்டது, அதற்குப் பிறகு வந்த 60க்கும் மேற்பட்ட பில்லை நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து கையால் சரிபார்த்தோம். படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு லாகின் கொடுங்கள், அது போதும். எழுதவேண்டிய அவசியம் வந்தால், கணக்கு நிரலைச் செய்தவர்களே தரும் ஏபிஐ (நிரலோடு நிரல் பேசும் வழி) அல்லது இறக்குமதி வசதி வழியாக மட்டும் எழுதட்டும்.

அப்புறம், எந்த மென்பொருள் என்பதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எந்தத் தகவலுக்கு யார் சொந்தக்காரர்? ஜாப் எண் ஆக்சஸ் நிரலில் பிறக்கிறது, ஆகவே அங்கே மட்டும்தான் அதைத் திருத்த வேண்டும். தொகையும் பில் எண்ணும் கணக்கு நிரலுக்குச் சொந்தம். ஆவண மென்பொருளுக்குத் தாளின் படம் மட்டும்தான் சொந்தம், மற்ற எல்லாவற்றையும் அது மற்ற இரண்டிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் பெயரை மூன்றிலும் திருத்தலாம் என்று விட்டீர்களானால், ஆறு மாதத்தில் ஒரே கம்பெனி, பெயரோடு 'சென்டிரியான் பெர்ஹாட்' (தனியார் நிறுவனம் என்பதற்கு மலாய்) என்று ஒரு இடத்திலும் 'எஸ்.பி.' என்று இன்னொரு இடத்திலும் வெறும் பெயராக மூன்றாவது இடத்திலும் நிற்கும்.

உங்கள் ஆக்சஸ் நிரலைத் தூக்கி எறிய வேண்டாம். ஓடிபிசி (டேட்டாபேஸைப் படிக்கும் பொது வழி) வழியாக அதைப் படிக்கலாம். ஒவ்வொரு மணிக்கும் புது ஜாப் எண், வாடிக்கையாளர் குறியீடு, கண்டெய்னர் எண், கப்பல் தேதி இவற்றை மட்டும் ஆவண மென்பொருளுக்கு அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும். கிராணி ஸ்கேன் செய்யும்போது பட்டியலிலிருந்து ஜாபைத் தேர்ந்தெடுப்பார், டைப் செய்யவே வேண்டாம்.

பில்லிலிருந்து படத்தைப் பார்க்க, கணக்கு நிரலில் நாமே ஒரு கூடுதல் கட்டம் சேர்த்து அதில் ஆவணத்தின் இணைய முகவரியை வைத்தால் வேலை முடிந்தது. அந்த முகவரி ஆவணத்தின் உள் எண்ணை வைத்து அமைந்திருக்க வேண்டும், ஃபோல்டர் பாதையை வைத்து அமையக் கூடாது. யாராவது ஃபோல்டர் பெயரை மாற்றினால் அத்தனை இணைப்பும் செத்துப்போகும்.

சின்ன விஷயம் இரண்டு. உங்கள் ஜாப் எண்ணில் சாய்கோடு இருக்கிறதா? பினாங்கு ஃபார்வர்டிங் ஆபீஸ்கள் பலவற்றில் 'ஐஎம்/2403/0017' என்ற மாதிரிதான் பார்த்திருக்கிறேன். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் சாய்கோடு போட முடியாது. ஒருவர் இடைக்கோடு போடுவார், ஒருவர் கீழ்க்கோடு போடுவார், தேடினால் பாதிதான் வரும். இப்போதே ஒரு வடிவத்தை முடிவு செய்துவிடுங்கள். இன்னொன்று ஸ்கேனர். அது கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆவண மென்பொருள் அதை எடுத்துக்கொண்டால், மூன்று பக்க பி.எல்.லில் (கப்பல் சரக்கு ரசீது) ஒரு பக்கம்தான் உள்ளே போகும், அல்லது திறக்கவே முடியாத கோப்பு போய்ச் சேரும். முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் எழுதவைத்து, முடிந்த பிறகு அதே டிஸ்கில் உள்ள மற்ற ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

விற்பனையாளரிடம் கேட்பதற்கு: கனெக்டர் என்பது யார் எழுதியது, கணக்கு நிரலின் அடுத்த பதிப்பு வந்தால் அதைச் சரிசெய்யும் செலவு யாருடையது, ஏபிஐ விளக்கக் கையேட்டை இன்றைக்கே காட்ட முடியுமா? கையேடு கொடுக்கத் தயங்கினால் நான் வாங்க மாட்டேன். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும்போது எல்லாப் படங்களும் அவற்றின் விவரங்களும் என்ன வடிவத்தில் திரும்பி வரும் என்றும் கேளுங்கள். படம் மட்டும் கொடுத்து விவரத்தைக் கொடுக்காவிட்டால் 40,000 'ஸ்கேன்0047' உங்கள் கையில் இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆடிட்
செவ்வாய், காலை 8.05

மேலே அண்ணன் சொன்னதோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். நான் கோலாலம்பூரில் தணிக்கை வேலை பார்ப்பவள், ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

இ-இன்வாய்ஸ் விஷயத்தில் நிறையப் பேர் பிடிஎஃப்பைச் சேமித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்குப் போவது கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசான் வடிவக் கோப்பு. அங்கே சரிபார்த்து முடித்ததும் 26 எழுத்துள்ள ஒரு தனி அடையாள எண் கிடைக்கும். கியூஆர் குறியோடு நாம் அச்சடிக்கும் பிடிஎஃப், மனிதர் கண்ணுக்காக உள்ள படம். ஆகவே உங்கள் ஆவண மென்பொருளில் மூன்றையும் ஒன்றாக வையுங்கள்: அந்தக் கோப்பு, பிடிஎஃப், அடையாள எண். அடையாள எண்ணுக்குத் தனிக் கட்டம் வேண்டும், பிடிஎஃப்பில் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

சரிபார்த்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் பில்லை ரத்து செய்யலாம், வாங்கியவரும் அதற்குள் நிராகரிக்கக் கேட்கலாம். அதற்குப் பிறகு என்றால் கிரெடிட் நோட்டுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிலை மாறுகிறது என்ற செய்தி ஆவண மென்பொருளுக்கும் வந்து சேர வேண்டும். கணக்கில் ரத்தாகிவிட்ட பில் ஆவணத்தில் 'செல்லும்' என்று நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்களுக்கு வெளிநாட்டு ஏஜென்ட் பில்கள் வருமே, அவற்றுக்கு நீங்களே வாங்குபவராக இ-இன்வாய்ஸ் போட வேண்டியிருக்கும். அந்த ஏஜென்ட் அனுப்பிய பில்லும் நீங்கள் போட்டதும் ஒரே ஜாபின் கீழ் ஒன்றோடொன்று கட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு தவறு ஏழு வருடத்தை எண்ணும் முறையில் நடக்கிறது. வருமான வரிச் சட்டம் 1967இன் 82ஆம் பிரிவும் நிறுவனச் சட்டம் 2016இன் 245ஆம் பிரிவும் பதிவுகளை 7 வருடம் வைக்கச் சொல்கின்றன. வருமான வரிக்கு அந்த ஏழு, வருமானம் எந்த ஆண்டுக்குரியதோ அந்த ஆண்டின் முடிவிலிருந்து எண்ண வேண்டும். பல மென்பொருளில் 'தானாக அழி' என்ற வசதி ஸ்கேன் செய்த தேதியிலிருந்து எண்ணும், அல்லது தாளின் தேதியிலிருந்து எண்ணும். 2024 மார்ச் பில்லை அது 2031 மார்ச்சில் அழித்துவிடும், உங்களுக்கு 2031 டிசம்பர் 31 வரை தேவை. தானாக அழிப்பதை முதல் நாளே நிறுத்தி வையுங்கள். முடிவெடுத்து அழிக்கும் வேலை மனிதருடையதாக இருக்கட்டும்.

டிரைவர்களின் அடையாள அட்டை நகல், லைசென்ஸ் நகல் இவையும் ஜாப் ஃபைலுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை எல்லாரும் திறக்கும்படி வைக்காதீர்கள். 2025 ஜூன் 1 முதல் தனிநபர் தரவு கசிந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டியது கடமை, அதற்கும் 72 மணி நேரம்தான்.

லெபு பந்தாய்
செவ்வாய், மதியம் 1.20

நாங்கள் ஜார்ஜ்டவுனில் ஆறு பேர் உள்ள ஆபீஸ், பணம் செலவழிக்க வழியில்லாததால் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற ஆவண மென்பொருள் போட்டோம். இலவசம், திறந்த மூலம், ஆபீஸில் உள்ள பழைய கணினியிலேயே ஓடுகிறது, ஏபிஐயும் இருக்கிறது. அக்காவுக்கு இது போதுமா என்பது வேறு கேள்வி, ஆனால் இதில் நான் கற்றுக்கொண்டதை எந்த மென்பொருளிலும் செய்யலாம்.

ஃபைல் அட்டையில் பார்கோடு ஒட்டுங்கள். ஜாப் திறக்கும்போதே ஜாப் எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் அச்சாகட்டும். ஸ்கேன் செய்யும்போது அந்த அட்டைதான் முதல் பக்கம், மென்பொருள் அதைப் படித்து ஃபைலைப் பிரித்துக்கொள்ளும். பிள்ளைகள் பெயர் வைக்கவே வேண்டாம். எங்கள் ஆபீஸில் தவறான பெயர் என்ற பிரச்சினை அந்த வாரமே நின்றது.

ஓசிஆரை (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் வசதி) மட்டும் நம்பாதீர்கள். டாட் மேட்ரிக்ஸில் அடித்த டி.ஓ.வின் மூன்றாவது நகல், அந்த இளஞ்சிவப்புத் தாள் இருக்கிறதே, அதில் 8ஐ 3 என்றும் 0ஐ 6 என்றும் படிக்கிறது. 300 டிபிஐயில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எழுத்தே மறைந்துபோகிறது, சாம்பல் நிறத்தில் எடுத்தால் பரவாயில்லை. மலாய், சீனம், தமிழ் எல்லாவற்றுக்கும் மொழிக்கோப்பு போடலாம், ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் மெதுவாகிவிடும், தவறும் கூடும். நான் ஆங்கிலமும் மலாயும் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒன்று கவனியுங்கள், ஒரே கோப்பை இரண்டு தடவை போட்டால் இது கண்டுபிடித்துவிடும். ஒரே தாளை இரண்டு தடவை ஸ்கேன் செய்தால் கண்டுபிடிக்காது, ஏனென்றால் கணினிக்கு அது இரண்டு வேறு கோப்பு.

துறைமுகக் கிள்ளான்
செவ்வாய், இரவு 11.02

நானும் இதே தொழில்தான், 14 வருடம். மேலே யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் அடிபட்ட இடம் அதுதான்.

ஒரு ஆவணம் ஒரு ஜாபுக்கு என்று நினைத்து அமைக்காதீர்கள். பலருடைய சரக்கு சேர்ந்து வரும் கண்டெய்னரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கண்டெய்னருக்கு மாஸ்டர் பி.எல். ஒன்று, அதன் கீழே வாடிக்கையாளருக்கு ஒன்றாக ஹவுஸ் பி.எல். ஏழு, ஜாப் எண் ஏழு. ஹாலேஜ் பில் ஒன்றுதான், அதை ஏழாகப் பிரித்து வசூலிக்கிறோம். ஃபோல்டர் முறையில் அந்த ஹாலேஜ் பில்லை எங்கே வைப்பீர்கள்? நாங்கள் ஏழு நகல் வைத்தோம். பிறகு ஹாலேஜ் கம்பெனி தொகையைத் திருத்தி வேறு பில் கொடுத்தது, நான்கு ஃபோல்டரில் மாற்றினோம், மூன்றில் பழையதே நின்றது, மூன்று வாடிக்கையாளருக்குத் தவறான தொகை போய்விட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், ஆனால் அதில் ஒருவர் அதற்குப் பிறகு எங்களிடம் வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

உங்கள் 'மற்றவை' ஃபோல்டர் பில்லும் இப்படிப்பட்ட சேர்ந்து வந்த கண்டெய்னருடையதாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஆகவே விற்பனையாளர் காட்டும்போது இதைத்தான் செய்துகாட்டச் சொல்லுங்கள்: ஒரே ஆவணத்தை ஏழு ஜாபோடு இணைத்துவிட்டு, அதன் புதிய பதிப்பை ஒரு தடவை ஏற்றினால் ஏழிலும் மாற வேண்டும், பழைய பதிப்பும் அழியாமல் இருக்க வேண்டும். முடியும் என்று வாயால் சொன்னால் போதாது. உங்கள் கண்டெய்னரையே கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வரும் பில்லின் எண்ணை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள். இரண்டு ஹாலேஜ் கம்பெனிக்கும் 'ஐஎன்வி-0001' இருக்கும். அனுப்பியவரின் வரி எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்து வைத்தால் மோதாது. அவர்களிடமும் பில்லில் உங்கள் ஜாப் எண்ணை எழுதச் சொல்லிப் பாருங்கள், ஹாலேஜ்காரர்கள் நல்ல மனிதர்கள், கேட்டால் செய்வார்கள்.

பிறை கணக்கு
புதன், இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி, நிஜமாகவே எதிர்பார்க்கவில்லை. கிள்ளான் அண்ணன் சொன்னது சரி, போய்ப் பார்த்தேன், அது ஐந்து பேர் சரக்கு சேர்ந்து வந்த கண்டெய்னர்தான். எங்கள் ஜாப் எண்ணிலும் சாய்கோடு இருக்கிறது. நாஸில் தேடிப் பார்த்ததில் ஒரே மாதத்தில் நான்கு விதமாக எழுதியிருக்கிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். முதலாளி மைக்ரோசாஃப்ட் 365க்கு ஏற்கெனவே மாதாமாதம் பணம் கட்டுகிறார், அதில் உள்ள ஷேர்பாயிண்டிலேயே (கோப்புகளை வைத்துப் பகிரும் தளம்) செய்ய முடியாதா என்கிறார். இன்னொன்று, மாடியில் 2019இலிருந்து உள்ள பெட்டிகள் இருக்கின்றன, அவற்றையும் ஸ்கேன் செய்தாக வேண்டுமா?

பாயான் லெப்பாஸ் சர்வர்
புதன், இரவு 9.55

ஷேர்பாயிண்டில் செய்யலாம் தங்கச்சி, தப்பில்லை, நாங்களும் ஒரு பகுதிக்கு அதைத்தான் வைத்திருக்கிறோம். ஒரு லைப்ரரியில் லட்சக்கணக்கில் கோப்பு வைக்கலாம், ஆனால் ஒரு காட்சியில் (திரையில் காட்டும் பட்டியல்) 5,000 உருப்படி என்ற வரம்பு இருக்கிறது. உங்கள் கணக்குக்கு 300 ஜாப், ஜாபுக்குப் பத்துத் தாள் என்றாலும் மாதம் 3,000, இரண்டாவது மாதமே அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஜாப் எண், வாடிக்கையாளர் குறியீடு, தேதி இந்தக் கட்டங்களுக்கு முதல் நாளே இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட்டு, காட்சிகளை அவற்றால் வடிகட்டி வைத்தால் சிக்கல் வராது. தாண்டிய பிறகு போய்ப் போடுவது தொல்லை பிடித்த வேலை. கிள்ளான் அண்ணன் கேட்ட ஏழு ஜாப் இணைப்புக்கு லுக்அப் கட்டத்தில் (வேறு பட்டியலிலிருந்து மதிப்பை எடுப்பது) பல மதிப்புகள் அனுமதிக்கலாம், அதைச் சோதித்துப் பாருங்கள்.

பழைய பெட்டிகளை முழுவதும் ஸ்கேன் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, எந்த ஜாப் எண் முதல் எந்த எண் வரை உள்ளே இருக்கிறது என்று மட்டும் பதிவு செய்யுங்கள். யாராவது ஒரு ஃபைல் கேட்டால் அதை மட்டும் எடுத்து ஸ்கேன் செய்து உள்ளே போடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆடிட்
வியாழன், காலை 7.48

பெட்டி விஷயத்தில் ஒரே ஒரு திருத்தம். பெட்ரோல் ரசீது, டோல் ரசீது மாதிரி வெப்பத்தாளில் அச்சானவை இருந்தால் அவற்றை முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். மாடியில் வெயிலுக்கு அந்த எழுத்து நிற்காது. ஸ்கேன் செய்துவிட்டோம் என்று மற்ற அசல் தாள்களை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பிறை கணக்கு
வெள்ளி (அடுத்த வாரம்), இரவு 10.15

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு விற்பனையாளரையும் திரும்ப அழைத்து, அந்த ஐந்து பேர் கண்டெய்னரின் தாள்களைக் கொடுத்து, எங்கள் முன்னாலேயே செய்துகாட்டச் சொன்னோம். நேரடியாக எழுதுகிறேன் என்றவர் படிக்க மட்டும் அனுமதி என்றதும் விலையை மாற்றினார், அவரை விட்டுவிட்டோம். கிளவுட் ஆள் ஏபிஐ கையேட்டை அன்றைக்கே அனுப்பினார், ஐந்து ஜாபோடு ஒரு ஹாலேஜ் பில்லை இணைத்தும் காட்டினார், ஆனால் புதிய பதிப்பு ஏற்றியபோது ஒன்றில் பழையது நின்றது. சரிசெய்து இரண்டு வாரத்தில் திரும்ப வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை கையெழுத்து இல்லை.

காத்திருக்கும் நேரத்தில் நாங்களே தொடங்கிவிட்டோம். ஜாப் எண்ணில் சாய்கோட்டுக்குப் பதில் இடைக்கோடு, ஆக்சஸ் நிரலிலேயே மாற்றியாகிவிட்டது. ஸ்டிக்கர் அச்சடிக்கும் இயந்திரம் வாங்கியாகிவிட்டது, திங்களிலிருந்து திறந்த 71 ஜாபுக்கும் அட்டையில் பார்கோடு இருக்கிறது. டிரைவர்கள் டி.ஓ.வைப் படமெடுக்கும்போது அந்த ஸ்டிக்கரும் படத்துக்குள் வரும்படி எடுக்கச் சொல்லியிருக்கிறோம். நேற்று பாயான் லெப்பாஸ் கிடங்கிலிருந்து ஒருவர் அனுப்பிய படத்தில் பாதி ஸ்டிக்கரை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது, போன் போட்டதும் சிரித்துக்கொண்டே இன்னொரு படம் அனுப்பிவைத்தார்.